லெக் எக்ஸ்டென்ஷன் முட்டியைக் கெடுக்குமா?

கேட்டவருக்கு வயது 41. சில மாதங்களாக ஜிம்முக்குப் போகிறார். மாஸ்டர் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில், அதாவது உட்கார்ந்தபடி எடையைக் காலால் தூக்கி முட்டியை நீட்டும் மெஷினில், உட்காரச் சொல்கிறார். கூட வருபவர்களோ, “அதைத் தொடாதீங்க, முட்டி ஜவ்வு போயிடும், ஸ்குவாட் மட்டும் போடுங்க” என்கிறார்கள். படி இறங்கும்போது அவருக்கு முட்டிச் சில்லைச் சுற்றி லேசாக வலிக்கிறது. வீட்டில் 68 வயது அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். அம்மாவும் இதைச் செய்யலாமா என்பது கேள்வியின் இரண்டாம் பாதி.

நல்ல நிலையில் இருக்கும் முட்டியை லெக் எக்ஸ்டென்ஷன் கெடுக்காது. ஏற்கெனவே வலிக்கிற முட்டியாக இருந்தாலும், எவ்வளவு எடை, எந்தக் கோணம் வரை என்ற இரண்டையும் சரிப்படுத்திக்கொண்டால் பெரும்பாலோர் செய்யலாம். சிலர் மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டும். அவர்கள் யார் என்று கடைசியில் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலியோடு என்னிடம் வருபவர்களில் இந்தப் பயிற்சியால் முட்டி கெட்டுப்போய் வந்தவர்கள் அபூர்வம். வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் விட்டு, தொடை மெலிந்து, அதனாலேயே வலி கூடி வருபவர்கள்தான் நிறைய. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், சிகாகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். தொடை எலும்பு முறிந்தும் முட்டி அடிபட்டும் வந்த சிப்பாய்கள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்தால் தொடை சூம்பிப்போயிருக்கும். லேசான எடையை நிறைய தடவை அசைக்க வைப்பதுதான் அன்றைய வழக்கம். டிலார்ம் இளமையிலேயே எடை தூக்கிப் பழகியவர். அந்த வழக்கம் அவருக்குப் போதவில்லை. பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றைக் கட்டி, அதில் எடை மாட்டி, மேசை விளிம்பில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார். பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்கு எடை. பலம் கூடக் கூட எடையும் கூடும். 1945-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1948-ல் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து, பத்து பத்தாக மூன்று செட் போதும் என்று முறைப்படுத்தினார். இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் “மூணு செட், பத்து ரெப்ஸ்” என்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அடிபட்ட முட்டியைத் தேற்றத்தான் உட்கார்ந்து காலை நீட்டும் இந்தப் பயிற்சியை மருத்துவமனையில் கையில் எடுத்தார்கள்.

சரி, அப்படியிருக்க இந்தப் பயம் எப்படி வந்தது? அதற்கு முட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொடையின் முன்பக்கம் இருக்கும் நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து முட்டிச் சில்லைப் பிடித்திருக்கின்றன. சில்லுக்குக் கீழே ஒரு நாண் இறங்கிக் கீழ்க்கால் எலும்பில் ஒட்டுகிறது. தசை சுருங்கினால் சில்லு மேலே போகும், கால் நீளும். கிணற்றில் ராட்டினம் கயிற்றைத் தாங்கித் திருப்பிவிடுவதுபோல, சில்லு அந்த இழுவையைத் தாங்கித் திருப்பிவிடுகிறது. முட்டி நன்றாக மடங்கியிருக்கும்போது இந்த இழுவை கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்குத் தள்ளும். கால் நீள நீள அதே இழுவை எலும்பை முன்னுக்கு நகர்த்தப் பார்க்கும். அப்படி நகராமல் பிடித்து நிறுத்துவது முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற நார். நம் ஊரில் “ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்றால் பெரும்பாலும் இந்த ஏசிஎல்லைச் சொல்வார்கள், இல்லையென்றால் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வளையத்தைச் சொல்வார்கள்.

ஆக, கால் முழுசாக நீளும் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஏசிஎல் மீது இழுவை விழுவது உண்மை. 1985-ல் ஹென்னிங் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும், ஏசிஎல் பாதி கிழிந்த இரண்டே பேரின் நாரில் அளவுகருவி பொருத்திப் பார்த்து, எடையோடு காலை நீட்டும்போது இழுவை கணிசமாக இருக்கிறது என்றார்கள். ஏசிஎல் அறுவை சிகிச்சை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. புதிதாக வைத்துக் கட்டிய நார் தளர்ந்துவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் இருந்த கவலை. பாதத்தைத் தரையிலோ பலகையிலோ ஊன்றிச் செய்யும் ஸ்குவாட், லெக் பிரஸ் போன்றவை பாதுகாப்பு, பாதம் காற்றில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் ஆபத்து என்ற பேச்சு 1990-களில் பரவியது. அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை, வாய்வழி மாறி மாறி, எல்லா முட்டிக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதியாகிவிட்டது. உங்கள் நண்பர்கள் சொல்வது அதைத்தான்.

அந்த இழுவை எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். 1998-ல் எஸ்கமிலா குழு, எடை தூக்கிப் பழகிய ஆண்களை அவர்கள் 12 தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடையோடு லெக் எக்ஸ்டென்ஷன் செய்ய வைத்துக் கணக்கிட்டது. கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கும் கடைசி 25 டிகிரிக்குள்தான் ஏசிஎல்லில் இழுவை வந்தது. அதிகபட்சம் சுமார் 158 நியூட்டன், அதாவது 16 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இளவயதினரின் ஏசிஎல் அறுபட எவ்வளவு விசை வேண்டும் என்று 1991-ல் வூ குழு சோதித்திருந்தது. சராசரி 2160 நியூட்டன். 60 வயதைத் தாண்டியவர்களின் நார் இவ்வளவு தாங்கவில்லை, 658 நியூட்டன்தான். அதுவும் 158-ஐப் போல நான்கு மடங்கு. சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே ஏசிஎல் மீது சுமார் 300 நியூட்டன் விழுகிறது என்று 2004-ல் ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றோடு அப்படியே வைத்து ஒப்பிடுவது சரியான முறை ஆகாது, அளந்த விதம் வேறு வேறு. ஆனால் எந்த அளவில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இதில் தெரியும்.

ஸ்குவாட்டோடு ஒப்பிட இன்னும் நேரடியான அளவீடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பெய்னன் குழு, 1990-களில், உயிருள்ள மனிதர்களின் ஏசிஎல்லிலேயே நுண்கருவி பொருத்திப் பார்த்தது. கணுக்காலில் நாலரை கிலோ கட்டி உட்கார்ந்து காலை நீட்டினால் நார் 3.8 சதவீதம் நீண்டது. வெறும் உடம்பெடையோடு ஸ்குவாட் செய்தபோது 3.6 சதவீதம். ஒன்று பாதுகாப்பு, இன்னொன்று ஆபத்து என்று பிரிக்க இதில் இடமே இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: லெக் எக்ஸ்டென்ஷனில் எடை ஏற்றினால் நாரின் நீட்சியும் ஏறியது, ஸ்குவாட்டில் எதிர்ப்பைக் கூட்டியபோது பெரிதாக மாறவில்லை. ஸ்குவாட்டில் பின்தொடைத் தசையும் சேர்ந்து வேலை செய்கிறது, உடம்பின் எடையும் மூட்டை அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் புதிதாக அறுவை முடிந்தவர்களுக்கு லெக் எக்ஸ்டென்ஷனில் எடை ஏற்றும்போது கூடுதல் நிதானம் வேண்டும் என்கிறோம். கிழியாத ஏசிஎல் உள்ளவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

அறுவை முடிந்தவர்களுக்குமே இன்று கதை மாறியிருக்கிறது. 2000-ல் ஸ்வீடனில் மிக்கெல்சென் குழு, அறுவை முடிந்த ஆறாவது வாரத்திலிருந்து ஒரு பாதிப் பேருக்கு லெக் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துக் கொடுத்தது. ஆறு மாதத்தில் அவர்களுடைய தொடைப் பலம் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. முட்டி கூடுதலாகத் தளரவில்லை. அதிகம் பேர் பழைய ஆட்டத் தரத்துக்குத் திரும்பினார்கள். இன்னொரு பக்கம், 2007-ல் ஹைனே, வெர்னர் இருவரும் செய்த ஆய்வில், பின்தொடையிலிருந்து நாண் எடுத்து ஏசிஎல் கட்டியவர்கள் நாலாவது வாரத்திலேயே இதைத் தொடங்கினால் முட்டி கொஞ்சம் தளர்கிறது, 12-வது வாரம் தொடங்கியவர்களுக்கு அப்படி இல்லை என்று வந்தது. ஆகவே எந்த நாரை எடுத்து வைத்தார்கள், எத்தனை வாரம் ஆயிற்று என்பதைப் பார்த்து, முதலில் கால் தொங்கும் 90 டிகிரியிலிருந்து பாதி நீண்ட 45 வரை மட்டும், அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி என்று போவதுதான் இன்றைய முறை. இந்த முடிவு உங்கள் அறுவை மருத்துவரும் பிசியோவும் சேர்ந்து எடுக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டு நீங்களே தொடங்க வேண்டாம்.

இவ்வளவு சிரமப்பட்டு இதை ஏன் செய்ய வேண்டும், ஸ்குவாட்டோடு விட்டுவிடலாமே என்று தோன்றும். என்னிடம் வந்த கபடி ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னால் விளங்கும். ஏசிஎல் அறுவை முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. ஸ்குவாட்டில் நல்ல எடை போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மைதானத்தில் இறங்கப் போகிறேன் என்றார். பக்கத்தில் நின்று பார்த்தால் குறையே தெரியவில்லை. பின்னால் போய் நின்று பார்த்தபோதுதான், கீழே இறங்க இறங்க இடுப்பு மெல்ல நல்ல காலின் பக்கம் நழுவுவது தெரிந்தது. மேலே வரும்போதும் அப்படியே. அவருக்கே தெரியாமல் உடம்பு சுமையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தது. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் உட்காரவைத்து ஒற்றைக் காலாகத் தூக்கச் சொன்னேன். நல்ல கால் சிரமமில்லாமல் பன்னிரண்டு தடவை தூக்கிய எடையை, அறுவை செய்த கால் ஒரு தடவைகூட முழுசாக நீட்டவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. தொடை நடுங்கியது. வலி ஒன்றுமில்லை, பலம்தான் இல்லை. டேப்பை வைத்து இரண்டு தொடையையும் அளந்து காட்டியதும் அமைதியாகிவிட்டார். மைதானத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்து, அந்தக் காலை மட்டும் தனியாக உழைக்க வைத்த பிறகுதான் இரண்டு தொடையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன.

ஸ்குவாட்டில் இடுப்பு, பின்புறம், பின்தொடை, நல்ல கால் என்று உதவிக்கு நிறைய பேர் இருக்கிறார்கள். அதுதான் அதன் சிறப்பு. அதனாலேயே பலவீனமான ஒரு தசை அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடிகிறது. லெக் எக்ஸ்டென்ஷனில் முன்தொடை தவிர வேறு யாரும் வேலை செய்ய முடியாது. இது சின்ன விஷயம் இல்லை. 2016-ல் நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஏசிஎல் அறுவை முடிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த கிரிண்டெம் குழு, இரண்டு காலின் முன்தொடைப் பலமும் எவ்வளவு சமமாக இருக்கிறதோ, மறுபடி அடிபடுவது அவ்வளவு குறைகிறது என்று காட்டியது. ஒன்பதாவது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆபத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவுதான்.

அறுவை எதுவும் ஆகாதவர்களுக்கும் ஸ்குவாட் விட்டுவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நான்கு முன்தொடைத் தசைகளில் மூன்று முட்டியை மட்டும் அசைப்பவை. நான்காவதான ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பெலும்பிலிருந்து தொடங்கி, இடுப்பு மூட்டையும் முட்டியையும் சேர்த்தே தாண்டி வருகிறது. ஸ்குவாட்டில் எழும்போது இடுப்பும் முட்டியும் ஒரே சமயத்தில் நீள்வதால், அந்தத் தசை ஒரு முனையில் சுருங்கி மறுமுனையில் நீள்கிறது. மொத்தத்தில் அதற்கு அவ்வளவு வேலை கிடைப்பதில்லை. 2019-ல் ஜப்பானில் குபோ குழு பத்து வாரம் ஸ்குவாட் செய்ய வைத்துத் தொடையைப் படமெடுத்துப் பார்த்தது. மற்ற மூன்றும் பருத்திருந்தன, இது மட்டும் வளரவில்லை. பந்தை உதைக்கவும் வேகமாக ஓடவும் வேண்டிய தசை இது. இதை வளர்க்க லெக் எக்ஸ்டென்ஷனைப்போல எளிய வழி வேறு இல்லை.

இனி உங்கள் முட்டிக்கு வருகிறேன். படி இறங்கும்போது சில்லைச் சுற்றி வலி, நடந்தால் இல்லை, வீக்கம் இல்லை என்றால், பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே வரும் முன்முட்டி வலியாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏசிஎல் பற்றிய பயம் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது சில்லின் பின்பக்கம் விழும் அழுத்தத்தை.

கால் மடங்கியிருக்கும்போது சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அகலமாகப் பதிந்து உட்காருகிறது. நீள நீள, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு குறைகிறது. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் எதிர்ப்பு கடைசி வரை குறையாமல் இருப்பதால், அதே விசை சின்ன இடத்தில் விழுகிறது, அழுத்தம் கூடுகிறது. ஸ்குவாட்டில் இதற்கு நேர்மாறு: நிற்கும் நிலைக்கு அருகில் முட்டிக்கு வேலை குறைவு, கீழே போகப் போக ஏறும். 1993-ல் ஸ்டைன்காம்ப் குழு லெக் பிரஸ்ஸையும் லெக் எக்ஸ்டென்ஷனையும் வைத்து இதைக் கணக்கிட்டது. 2014-ல் பவர்ஸ் குழு ஸ்குவாட்டோடும் ஒப்பிட்டது. இரண்டிலும் எல்லைக்கோடு 45 டிகிரியை ஒட்டியே வந்தது. கால் தொங்கும் 90 டிகிரியிலிருந்து 45 வரை லெக் எக்ஸ்டென்ஷன்தான் சில்லுக்குச் சுகம். 45-லிருந்து நேராகும் வரை ஸ்குவாட் சுகம். ஆகவே வலி இருக்கும்போது மெஷினில் பாதி வரை தூக்குங்கள், ஸ்குவாட்டில் பாதி வரை இறங்குங்கள்.

பாதியோடு நிறுத்தினால் தசை வளராது என்று மாஸ்டர் சொன்னால் கவலைப்படாதீர்கள். 2022-ல் பிரேசிலில் பெட்ரோசா குழு, பயிற்சிக்குப் புதிய பெண்களை வைத்து இதையே சோதித்தது. காலை நன்றாக மடக்கிய நிலையில் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தியவர்களின் தொடை, கடைசிப் பாதியை மட்டும் செய்தவர்களைவிட நன்றாகவே வளர்ந்தது. வலி தராத பகுதிதான் தசையை அதிகம் வளர்க்கும் பகுதி என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல செய்தி.

பெல்ஜியத்தில் விட்வ்ரூ குழு 2000-ல் முன்முட்டி வலி உள்ள 60 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் காலை ஊன்றிச் செய்யும் பயிற்சிகளும், மீதிப் பேருக்குக் கால் தரையில் படாத பயிற்சிகளும் ஐந்து வாரம் கொடுத்தது. இரண்டு பக்கமும் வலி குறைந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. கால் தரையில் படாத பயிற்சி முட்டியைக் கெடுக்கும் என்றால் அந்த ஐந்து வருடத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

சில்லுக்குக் கீழே, நாண் மேல் விரல் வைத்தால் சரியாக அங்கே வலிக்கிறது, குதித்தால் கூடுகிறது என்றால் அது வேறு. வாலிபால், கூடைப்பந்து ஆடுபவர்களுக்கு வரும் நாண் வலி. அதற்கு மெஷினில் காலைப் பாதி நீட்டி, அசைக்காமல் 45 விநாடி பிடித்து, ஐந்து தடவை செய்யச் சொல்வோம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் ரியோ குழு இப்படிச் செய்ய வைத்தபோது வலி உடனே இறங்கி முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தது. ஆறு பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. எல்லாருக்கும் அதே அளவு இறங்குவதில்லை என்பது என் அனுபவம். ஆனால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

மெஷினில் உட்காரும் விதத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஜிம்மில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் உங்களைவிட உயரமாக இருந்திருப்பார். சீட்டை அப்படியே விட்டுப் போயிருப்பார். மெஷினின் பக்கவாட்டில், நீங்கள் காலால் தூக்கும் கம்பி திரும்பும் அச்சு ஒன்று இருக்கும். உங்கள் முட்டியின் வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேடு அதற்கு நேராக வர வேண்டும். முதுகுச் சாய்மானத்தை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் சரிசெய்யுங்கள். முட்டியின் பின்மடிப்பு சீட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அச்சு விலகினால் ஒவ்வொரு தடவையும் ரோலர் (காலின் முன்பக்கம் படும் மெத்தை உருளை) காலில் வழுக்கி மேலும் கீழும் ஓடும். அதைப் பார்த்தே சீட் தவறு என்று கண்டுபிடித்துவிடலாம். ரோலர் கணுக்காலுக்குச் சற்று மேலே, கால் எலும்பின் மேல் இருக்கட்டும், பாதத்தின் மேல் வேண்டாம். அப்புறம், தொடங்கும் கோணத்தை மாற்ற, துளையில் செருகும் ‘பின்’ ஒன்று பல மெஷின்களில் உண்டு. அதை யாரும் கவனிப்பதே இல்லை. கால் சீட்டுக்கு அடியில் ரொம்பவும் மடங்கிய நிலையில் தொடங்க வேண்டியிருந்து அங்கேயே வலித்தால், அந்தப் பின்னை ஓரிரு துளை மாற்றிப் போடுங்கள்.

தூக்கும்போது உதைக்காதீர்கள். நிதானமாகத் தூக்கி, மேலே ஒரு கணம் நிறுத்தி, அதைவிட நிதானமாக இறக்குங்கள். தட்டுகள் ‘டங்’கென்று மோதும் சத்தம் கேட்டால் எடை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பின்புறம் சீட்டை விட்டு எழும்பினாலும் எடை அதிகம் என்றே அர்த்தம். மூச்சை அடக்க வேண்டாம், தூக்கும்போது வெளியே விடுங்கள். பிபி உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

எடை என்று வரும்போது, இந்த மெஷினில் அதிகபட்ச எடை எவ்வளவு தூக்க முடியும் என்று சோதிக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. இதில் அதற்கு அவசியமே இல்லை. 12 முதல் 15 தடவை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு மூன்று தூக்கலாம் என்று தோன்றும் எடையில் தொடங்குங்கள். மூன்று செட், வாரம் இரண்டு நாள். இரண்டு வாரம் சிக்கலில்லாமல் போனால் ஒரு தட்டு ஏற்றுங்கள். ஒற்றைக் காலாகச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, பலவீனமான காலில் தொடங்குங்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனத்துக்குள் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். செய்யும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை முட்டி வழக்கம்போல இருந்தால் தொடரலாம். நாலு, ஐந்து என்று ஏறினால் முதலில் கோணத்தைக் குறையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள். மறுநாள் முட்டி விம்மி, மடக்கக் கஷ்டமாக இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். வலியில்லாமல் வரும் ‘கடகட’ சத்தத்துக்கு எந்த மதிப்பெண்ணும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அம்மா விஷயம். “தேய்ஞ்ச மூட்டை இன்னும் ஏன் தேய்க்கணும்” என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால்தான் முட்டி வலி வந்த பெரியவர்கள் பலர் நாற்காலியோடு முடங்கிவிடுகிறார்கள். 1997-ல் இண்டியானாவில் ஸ்லெமெண்டா குழு 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தும் வலியே இல்லாதவர்களிடமும் முன்தொடை பலவீனமாக இருந்தது. வலியால் நடமாட்டம் குறைந்து தசை மெலிகிறது என்பது பாதி உண்மைதான். பலவீனம் முன்னதாகவே வந்து மூட்டைப் பாதிக்கவும் கூடும்.

1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் குழு செய்ததை நான் வயதானவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேர். அவர்களைக் காலை நீட்டும் இதே பயிற்சியை, அதுவும் அவர்களால் ஒரு தடவை தூக்க முடிந்த எடையில் 80 சதவீதம் வைத்து, எட்டு வாரம் செய்ய வைத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். முன்தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடையின் தசையும் வளர்ந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு 68 தான் ஆகிறது.

அதற்காக நிறைய எடை ஏற்ற வேண்டும் என்று அர்த்தம் இல்லை. 2021-ல் முட்டித் தேய்மானம் உள்ள 377 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒன்றரை வருட ஆய்வில், அதிக எடையோடு செய்தவர்களுக்கு வலி குறைந்த அளவு, குறைந்த எடையோடு செய்தவர்களைவிடக் கூடுதலாக இல்லை. ஆகவே அம்மா நிதானமாகப் போகலாம். வீட்டில் உறுதியான நாற்காலி போதும். பாதம் தரையில் இருக்க உட்காரச் சொல்லி, ஒரு காலை மெல்ல நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து. அது சுலபமானதும் கணுக்காலில் அரை கிலோ, பிறகு ஒரு கிலோ எடைப்பட்டை. இங்கே ஒரு வித்தியாசம்: காலில் கட்டிய எடை, கால் தொங்கும்போது முட்டிக்கு ஒன்றும் செய்யாது, நேராக நீளும்போதுதான் முழுப் பாரமாகும். நேராக்கும் கடைசிக் கட்டத்தில் அம்மாவுக்கு வலித்தால் எடையைக் கழற்றிவிட்டு, நாற்காலியைச் சுவருக்கு அருகில் சுவரைப் பார்த்தபடி போட்டு, பாதி மடங்கிய நிலையில் பாதத்தின் முன்பக்கம் சுவரில் முட்டுமாறு உட்காரவைத்து, அசையாமல் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். கால் நகராது, தசை மட்டும் இறுகும். இதோடு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளட்டும். கழிப்பறையிலும் பஸ்ஸிலும் அவருக்கு வேண்டியது அந்தப் பலம்.

இப்போது, யார் தொடக் கூடாது. முட்டி வீங்கிச் சூடாக இருக்கிறது. மடக்கியது நீட்ட வராமல் பூட்டிக்கொள்கிறது. நடக்கும்போது திடீரென்று மடங்கி விழப்பார்க்கிறது. சமீபத்தில் முட்டிச் சில்லு விலகியது அல்லது எலும்பு முறிந்தது. ஏசிஎல், மெனிஸ்கஸ், முட்டி நாண் எதற்காவது அறுவை ஆகி மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை. காய்ச்சலோடு முட்டி வலிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் ஜிம்மும் வேண்டாம், நாற்காலிப் பயிற்சியும் வேண்டாம், முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு வீங்கிய முட்டியென்றால் அன்றைக்கே பாருங்கள்.

இவை எதுவும் உங்களுக்கு இல்லையென்றால், இந்த வாரமே மாஸ்டரிடம் கேட்டு சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துக்கொண்டு, லேசான எடையில் பாதி உயரம் வரை தொடங்கிவிடுங்கள். பாதி ஸ்குவாட்டையும் விட வேண்டாம். ஆறு வாரம் ஆன பிறகும் படி இறங்கும்போது வலி கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால், அப்போது ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள்; இடுப்பு, பாதம், நடை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.